வள்ளலின் பணமும் திராட்சையின் விலையும்

கேள்வி: இஸ்ரேலின் கார்மெல் ஒயின் ஆலை பாரன் ராத்ஸ்சைல்ட் என்ற வள்ளலின் கொடையால் தொடங்கி, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவதாகப் படித்தேன். ஒரு தொழில் நிலைத்து வளர இப்படி ஒரு வள்ளல் வாய்த்தால் போதும் அல்லவா?
– வாசகர், ஈரோடு

பதில்: போதாது. அந்த ஆலையை உருவாக்கியது பாரன் எட்மண்ட் டி ராத்ஸ்சைல்டின் பணம் என்பது உண்மை. அதே பணம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதை மூழ்கடிக்கப் பார்த்தது என்பதும் உண்மை. வள்ளல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். விளைபொருளை நம்பி நிற்கும் எந்த ஆலையின் வரலாற்றையும் நிறுவனரின் படத்திலிருந்து தொடங்கக் கூடாது, விவசாயிக்கு எந்த அளவுகோலின்படி விலை கொடுத்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதிவருகிறேன். அதற்காகச் சில பொருளாதாரக் கட்டுரையாளர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. கார்மெலின் கதை என் பக்கத்துச் சாட்சி.

1882-ஆம் ஆண்டு, ஒட்டோமான் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில், யாஃபா துறைமுகத்துக்குத் தென்கிழக்கே, ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த சில யூதக் குடும்பங்கள் ரிஷோன் லெசியோன் என்ற குடியேற்றத்தை அமைத்தன. மணற்பாங்கான நிலத்தில் குடிக்கவும் தண்ணீர் கிடைக்காமல் தவித்த அவர்கள், யோசேப் ஃபைன்பெர்க் என்பவரை உதவி கேட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பாரிஸில் அவர் சந்தித்த பாரன் எட்மண்ட், கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று பாரன் கேட்டுக்கொண்டதால் குடியேறிகள் அவரை ‘அறியப்பட்ட வள்ளல்’ என்றே குறிப்பிட்டார்கள். ஆகவே நீங்கள் அவரை வள்ளல் என்று அழைப்பதில் பிழையில்லை. அவருடைய காலத்து மக்களும் அப்படித்தான் அழைத்தார்கள்.

அவருடைய தந்தை ஜேம்ஸ் 1868-இல் பிரான்ஸின் புகழ்பெற்ற ஷாத்தோ லஃபீட் திராட்சைத் தோட்டத்தை வாங்கியவர். அந்தக் குடும்பத்தில் வளர்ந்த பாரன், பாலஸ்தீனத்துக் குடியேறிகளுக்கும் திராட்சையே வாழ்வளிக்கும் என்று நம்பியது இயல்பு. பிரெஞ்சு வேளாண் வல்லுநர்கள் வந்தார்கள். பிரெஞ்சுத் திராட்சை வகைகள் வந்தன. ரிஷோனிலும், கார்மெல் மலைத்தொடரின் தென்கோடியில் உள்ள சிக்ரோன் யாகோவிலும் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாபெரும் நிலவறைகள் எழுந்தன. அறுவடைக் காலத்து வெப்பத்தில் சாறு அளவுக்கு மீறிச் சூடாகி நொதித்துக் கெட்டுவிடும் என்பதால் அந்த நிலவறைகளை ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. குளிர்விக்கும் இயந்திரங்களையும் வாங்க வேண்டியிருந்தது. இடையில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் மறுபடி நட்டார்கள். இவ்வளவு செலவையும் ஒரு தனிமனிதர் ஏற்றுக்கொண்டார் என்பதை நான் மதிக்கிறேன். இத்தகைய முதலீட்டை அந்தக் குடியேறிகளால் கனவிலும் செய்திருக்க முடியாது.

ஆனால் கொடுத்த கை, கட்டுப்படுத்தவும் செய்தது. எதை நடுவது, எப்போது அறுப்பது என்பதையெல்லாம் பாரனின் அதிகாரிகளே முடிவு செய்தார்கள். 1887-இல் ரிஷோன் குடியேறிகள் அந்த நிர்வாகத்தை எதிர்த்துக் கிளர்ந்தபோது பாரன் தம் அதிகாரிகளின் பக்கம் நின்றார். கிணற்றுக்குப் பணம் வாங்கிவந்த அதே ஃபைன்பெர்க் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. குடியேற்றங்களின் திராட்சைத் தோட்டங்களில் பெருமளவு உழைத்த அரபுக் கூலித் தொழிலாளர்கள் இந்தக் கொடையின் வரலாற்றில் ஓர் ஓரத்தில்கூடப் பெயர் பெறவில்லை.

இனி விலைக்கு வருவோம். பாரனின் நிர்வாகம் விவசாயிகளின் திராட்சை முழுவதையும் சந்தை விலையைவிட உயர்ந்த விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தத் திராட்சையிலிருந்து வடித்த ஒயின் எங்கே விற்கும், யார் குடிப்பார்கள், எந்த விலைக்குப் போகும் என்ற கேள்விகள் எவையும் தோட்டத்தை எட்டவில்லை. விளைந்தது எல்லாம் விலைபோகும் என்றால் விவசாயி என்ன செய்வார்? கூடுதல் நிலத்தில் நடுவார். நன்றாகக் காய்க்கும் வகையாகப் பார்த்து நடுவார். கறினியான், அலிக்காந்த்தே போன்ற மிகுந்த மகசூல் தரும் தென்பிரெஞ்சு வகைகள் பரவின. நிலவறைகளில் விற்காத ஒயின் தேங்கியது. குடியேற்றங்கள் எல்லாம் திராட்சை ஒன்றையே நம்பி நிற்பதன் ஆபத்தை எழுத்தாளர் அஹத் ஹாஅம் 1891-லேயே எச்சரித்திருந்தார். பின்னர் பாரனின் நிர்வாக முறை குடியேறிகளைக் கையேந்துபவர்களாக ஆக்கிவிட்டது என்றும் கடுமையாக எழுதினார். 1901-இல் அவரும் மற்றவர்களும் ஒரு தூதுக் குழுவாகப் பாரிஸ் சென்று, நிர்வாகப் பொறுப்பைக் குடியேறிகளிடம் ஒப்படைக்குமாறு பாரனிடம் கேட்டபோது, அவர் இணங்கவில்லை. அதற்கு முன்பே, 1900-ஐ ஒட்டி, குடியேற்றங்களின் நிர்வாகத்தை அவர் யூதக் குடியேற்றச் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தார். உயர்விலைக் கொள்முதல் முடிவுக்கு வந்தது. வளர்த்த கொடிகளைப் பிடுங்குவதற்கும் இழப்பீடு கொடுக்க வேண்டிய நிலை வந்து, அந்த நிலங்களில் வாதுமையும் ஆரஞ்சும் நடப்பட்டன. வளர்ச்சி என்று நீங்கள் படித்த கதையில் இந்தப் பிடுங்கிய கொடிகள் இடம்பெற்றிருக்காது.

ஆலையைக் காப்பாற்றியது வேறு இரண்டு. ஒன்று, விற்பனை. 1896-இல் வார்சாவில் சில யூத வணிகர்கள் கார்மெல் என்ற பெயரில் ஒரு விற்பனை நிறுவனத்தைத் தொடங்கி, ரஷ்யப் பேரரசெங்கும் இந்த ஒயினைக் கொண்டுசேர்த்தார்கள். இன்று ஆலை தாங்கி நிற்கும் பெயர் அவர்கள் இட்டதுதான், பாரன் இட்டதன்று. அவர்களில் முதன்மையானவரான சேவ் குளுஸ்கின் பின்னாளில் ஆலையின் தலைமைக்கே வந்தார். இரண்டாவது, 1906-இல் ரிஷோன், சிக்ரோன் விவசாயிகள் அமைத்த கூட்டுறவுச் சங்கம். நிலவறைகளை நடத்தும் பொறுப்பு அந்தச் சங்கத்திடம் வந்தது. தம் திராட்சைக்குத் தாமே வாடிக்கையாளரைத் தேடியாக வேண்டும் என்ற நிலை வந்தபிறகுதான் ரிஷோனின் விவசாயி ஒயின் தொழிலுக்குள் உண்மையாக நுழைந்தார். இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியன், நாட்டுக்கு வந்த புதிதில் ரிஷோன் நிலவறையில் கூலி வேலை செய்திருக்கிறார்.

கூட்டுறவுக்கு உடனே சோதனைக் காலமும் வந்தது. ரஷ்யப் புரட்சி பெரிய சந்தையை அடைத்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. இரண்டு உலகப் போர்களின்போதும் அங்கே முகாமிட்ட பிரிட்டிஷ் பேரரசின் படைவீரர்கள் வாங்கிக் குடித்தது ஓரளவு கைகொடுத்தது. இந்த இழப்புகளையெல்லாம் கூட்டுறவு தாங்கி நின்றது. வள்ளலின் நிர்வாகம் தாங்கியிருக்குமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கூட்டுறவுக்காக வாதாடும் நான், கூட்டுறவு செய்த தவற்றை மறைக்க மாட்டேன். உறுப்பினர் கொண்டுவரும் திராட்சை எதையும் சங்கம் மறுக்க முடியாது. எடையே பெரிதும் விலையை முடிவு செய்தது. வாங்குவோரும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில் யூதர்களின் வார ஓய்வுநாளான சபாத்தை வரவேற்கும் கிடூஷ் சடங்குக்காக இனிப்பு ஒயினைக் கேட்டவர்கள். தரத்தை உயர்த்து என்று நெருக்கும் வாடிக்கையாளர்கள் மிகச் சிலர். எனவே நீரை அதிகம் பாய்ச்சி, கொத்துகளைப் பெருக்கி, சாறு நீர்த்த திராட்சையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கிய விவசாயிக்கே நல்ல வருமானம். நல்ல ஒயினுக்குத் தேவை இதற்கு நேர் எதிர்: கொடிக்குக் குறைந்த கொத்து, அடர்ந்த சாறு, தளராத புளிப்பு. பாரன் காலத்து அளவுகோல் பாரன் போனபின்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் செய்தி. 1957-இல் நிலவறைகளின் உரிமையையும் ராத்ஸ்சைல்ட் குடும்பம் விட்டுக்கொடுத்துவிட்டது; அளவுகோல் மட்டும் போகவில்லை.

அதை உடைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஒயின் அறிஞர் ஒருவர் 1972-இல் வந்து பார்த்துவிட்டு, கோலான் மேட்டுநிலத்தின் குளிர்ச்சியும் எரிமலை மண்ணும் நல்ல திராட்சைக்கு ஏற்றவை என்றார். 1976-இல் அங்கே கொடிகள் நடப்பட்டன. 1983-இல் நான்கு கிப்புத்சுகளும் (எல்லாம் பொதுவான கூட்டுப் பண்ணைகள்) நான்கு மொஷாவ்களும் (குடும்பங்கள் தனித்தனியே பயிரிடும் கூட்டுறவு ஊர்கள்) சேர்ந்து கத்ஸ்ரினில் கோலான் ஹைட்ஸ் ஆலையைத் தொடங்கின. கலிஃபோர்னியாவிலிருந்து ஆலோசகரை வரவழைத்து, தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கவனித்து, தனித்தனியே அறுத்து, தனித்தனியே வடித்தார்கள். யார்டென் என்ற பெயரில் வந்த அவர்களுடைய 1984-ஆம் ஆண்டுக் கேபர்னே என்ற சிவப்பு ஒயின் சில ஆண்டுகளுக்குள்ளேயே லண்டன் போட்டியில் பரிசு பெற்றபோது, இஸ்ரேலிய ஒயின் என்றால் சடங்குக்கான இனிப்பு நீர் என்று எண்ணியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மண் 1967 போரில் சிரியாவிடமிருந்து கைப்பற்றியது என்பதையும், இஸ்ரேல் தன் சட்டத்தை அங்கே நீட்டித்தது செல்லாது என்று 1981 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 497-ஆம் தீர்மானத்தில் அறிவித்ததையும் சொல்லாமல் அந்த ஆலையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆக்கிரமிப்புப் பகுதியின் குடியேற்றத்தில் விளைந்த பொருளானால் அதைப் புட்டியின் மேலேயே தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்பது என் கருத்து.

கோலானின் வெற்றியும், அதைத் தொடர்ந்து 1990-களில் முளைத்த சிறு ஆலைகளின் வெற்றியும் கார்மெலை உலுக்கின. வடக்கே கலிலேயாவின் மேட்டுப் பகுதிகளில் புதுத் தோட்டங்கள் வந்தன. புது ஒயின் வல்லுநர்கள் பொறுப்பேற்றார்கள். தெற்கே நெகேவ் பாலைவனத்தின் வடவிளிம்பில் யாத்திர் என்ற தரமான ஆலையைப் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் உள்ளூர் விவசாயிகளோடு கூட்டாகத் தொடங்கினார்கள். கலிலேயாவின் கயூமி தோட்டத்து 2006-ஆம் ஆண்டு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் 2010-இல் டிகாண்டர் என்ற ஒயின் இதழின் உலகப் போட்டியில் உயரிய கோப்பையை வென்றது. உற்பத்தியின் அளவைச் சுருக்கித் தரத்துக்குப் போனதால் கிடைத்த வெற்றி அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கறினியானின் மறுவாழ்வு. தேங்கிய ஒயினுக்கெல்லாம் காரணம் என்று பழிக்கப்பட்ட அதே வகை, சிக்ரோனைச் சுற்றிப் பல பத்தாண்டு வயதான கொடிகளாக ஆங்காங்கே தப்பி நின்றது. முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும். எடைக்கு விலை என்ற காலத்தில் அது பிடுங்கி எறிய வேண்டிய கொடி. தரத்துக்கு விலை என்றானபின், கார்மெலும் வேறு ஆலைகளும் அந்தக் கிழட்டுக் கொடிகளின் திராட்சையைத் தனியே வடித்து, கொடியின் வயதைப் புட்டியில் பெருமையோடு குறிப்பிட்டு விற்கின்றன. கொடியும் அதே, வெயிலும் அதே. விலை கொடுக்கும் முறை மட்டுமே மாறியது.

ரிஷோனின் பழைய நிலவறைகளில் உற்பத்தி நின்றுவிட்டது. 2013-இல் ஆலை தனியார் முதலீட்டாளர்களின் கைக்குப் போனது. 1906 முதல் அதை நடத்திவந்த விவசாயிகள் இப்போது அதற்குத் திராட்சை விற்பவர்கள். கூட்டுறவு தன் அளவுகோலைக் காலத்தே மாற்றிக்கொண்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். தரத்தை அளக்கும் கருவி ஆலையிடம் இருக்கும்போது, அதில் தோன்றும் எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமை விவசாயிக்கும் இருக்க வேண்டும். அந்த உரிமை இனி அவர்கள் போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.