மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு வல்லுநரின் பணி என்ன?

கை கழுவச் சொல்வதற்குத் தனி அலுவலர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவர்கள் பணியில் ஒரு பகுதிதான். சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே நோயாளிக்குப் புதிய தொற்று ஏற்படாமல் காப்பதே முழுப் பொறுப்பு. சிறுநீரை வெளியேற்றச் செருகிய குழாய் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடுவதால், இன்றும் அது தேவைதானா என்று வார்டில் தினமும் கேட்டு, அதில் வரும் சிறுநீர் சேரும் பை, சிறுநீர்ப்பைக்குக் கீழ் மட்டத்தில், தரையில் படாமல் தொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பவர் இவர்தான். மூத்த மருத்துவரையும் தடுத்துக் கேட்கும் அதிகாரத்தை நிர்வாகம் இவருக்குக் கட்டாயம் தர வேண்டும் என்பேன். கருவிகளின் கிருமிநீக்கம், கழிவு அகற்றல், ஊழியர் தடுப்பூசி ஆகியவையும் இவர் கவனத்தில் வரும். ஒரே கிருமி அடுத்தடுத்து இரண்டு மூன்று நோயாளிகளிடம் தென்பட்டால், ஆய்வக முடிவுகளை ஒப்பிட்டு, அது பரவிய வழியைத் தேடிக் கண்டறிந்து அடைப்பார்.