வாசகர் கேள்வி பதில்: கோல் சென்ரரில் சொற்றொடர் பிடிக்கும் மென்பொருள்

கேள்வி (கிளிநொச்சி): இணையச் சேவை ஒன்றின் தமிழ் அழைப்புகளை எடுக்கும் கோல் சென்ரரில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். முறைப்பாடுகளைத் தானாகப் பிரித்தெடுக்க, பேச்சுப் பகுப்பாய்வு மென்பொருளில் ‘இணைப்பு வேலை செய்யவில்லை’ என்று பதிந்தோம். முறைப்பாடுகள் குவிகின்றன, மென்பொருளோ ஒன்றிரண்டைத்தான் காட்டுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் பதிந்தது படிவத்தில் எழுதுகிற தமிழ். புதுக்குடியிருப்பிலிருந்து அழைப்பவர் ‘நெற் வேலை செய்யேல்லை’, ‘லைன் வருகுதில்லை’, ‘டேற்றா ஓடுதில்லை’ என்பார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் வாயில் அதுவே ‘வேல செய்யல’. வினைமுடிவு மாறினால் பல மென்பொருள்கள் வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே எல்லா வடிவங்களையும் ஒரே தலைப்பின் கீழ் தனித்தனி வரியாகப் பதியவேண்டும். மேசையில் இருந்து யோசித்து எழுதினால் பாதிதான் வரும். முறைப்பாடு என்று தெரிந்த 50 அழைப்புகளைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி எடுங்கள், திருத்த வேண்டாம்.

அடுத்து, உங்கள் மென்பொருள் எப்படித் தேடுகிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். சில, பேச்சை முதலில் எழுத்தாக்கி, அந்த எழுத்தில் தேடும். சில, ஒலியை ஒலியோடு பொருத்திப் பார்க்கும். முதல் வகை என்றால் ஓர் அழைப்பின் எழுத்து வடிவத்தைத் திறந்து பாருங்கள். ‘செய்யேல்லை’ என்பதை அது ‘செய்ய இல்லை’ என்று எழுதியிருக்கலாம். பிழையாக இருந்தாலும் அந்தப் பிழையையே ஒரு வரியாகச் சேருங்கள், ஏனென்றால் தேடல் நடப்பது அந்த எழுத்தில்தான். ‘டேற்றா’ தமிழ் எழுத்தில் வருகிறதா, ஆங்கில எழுத்திலா என்பதையும் பாருங்கள். இரண்டிலும் வந்தால் இரண்டையும் பதியுங்கள். மொழித் தெரிவையும் ஒருமுறை சரிபாருங்கள். கூகிளின் பேச்சுணரி இந்தியத் தமிழையும் இலங்கைத் தமிழையும் தனித்தனித் தெரிவாக வைத்திருக்கிறது. உங்களுடையதிலும் அப்படி இருந்து, இந்தியத் தமிழில் விடப்பட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முழங்காவில் போன்ற ஊர்ப்பெயர்களைச் சிறப்புச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது தனக்குத் தெரிந்த வேறு எதையாவது எழுதிவைக்கும்.

கேள்வி (வவுனியா): இணைப்பை விட்டுப் போக நினைப்பவர்களைக் கண்டுபிடிக்க ‘வெட்டி’ என்று பதிந்தோம். நாளுக்கு நூற்றுக்கணக்கில் காட்டுகிறது, முக்கால்வாசி குப்பை.

பதில்: வராமல் என்ன செய்யும்? ‘காசு வெட்டிட்டீங்கள்’ என்று கோபிப்பவரும், ‘கரண்ட் வெட்டினவங்கள்’ என்று காரணம் சொல்பவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஒற்றைச் சொல்லைப் பதியவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு சொல் கொண்டதாகப் பதியுங்கள்: ‘லைனை வெட்டி விடுங்கோ’, ‘கனெக்‌ஷன் இனி வேண்டாம்’. இடையில் வேறு சொல் நுழைய விடும் வசதி இருந்தால் மூன்று சொல்லுக்கு மேல் விடாதீர்கள். ‘காசு வெட்டி’ என்பதை விலக்குப் பட்டியலில் போடுவதைவிட, ‘கட்டண முறைப்பாடு’ என்று தனித் தலைப்பாக்குவது நல்லது. விலக்கினால், இரண்டையும் சொல்லும் வாடிக்கையாளர் கைநழுவிப் போவார். அவர்தான் விட்டுப்போக அதிகம் சாத்தியமுள்ளவர்.

பேசுபவர் யார் என்பதையும் ‘வாடிக்கையாளர்’ என்று வையுங்கள். ‘லைனை வெட்டி விடவா?’ என்று உங்கள் ஊழியரே கேட்பதும் இப்போது கணக்கில் விழுகிறது. ஆனால் இரண்டு பக்கக் குரலும் ஒரே தடத்தில் கலந்து பதிவானால் யார் பேசியது என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் செய்யும், அடிக்கடி தவறும். தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லி ஸ்டீரியோவில், ஆளுக்கொரு தடமாகப் பதியச் செய்யுங்கள். பதிவின் கோடெக்கையும், அதாவது ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறையையும், கேளுங்கள். ஜி.711 நொடிக்கு 64 கிலோபிட், ஜி.729 வெறும் 8. இடம் மிச்சம் என்று பின்னதைத் தெரிவு செய்தால் மெய்யெழுத்துகள் மங்கும். பிறகு பெரிய கோப்பாக மாற்றினாலும் போனது திரும்பாது.

கண்டிப்பு அளவை, அதாவது சொற்றொடர் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினால் பிடிக்கவேண்டும் என்பதை, நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பிடிபட்டதில் 50 அழைப்பைக் கேளுங்கள். பத்துக்கு மேல் தவறு என்றால் அளவை ஏற்றுவதற்கு முன் சொற்றொடரைத் திருத்துங்கள். பிடிபடாததிலும் 50 கேட்கவேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தவறவிட்டது அங்கேதான் கிடக்கும்.

கேள்வி (மன்னார்): ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஊழியர் சொல்லாத அழைப்புகளைப் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். பேசுபவர் ஊழியர், நேரம் முதல் 30 நொடி, நிபந்தனை ‘சொற்றொடர் இல்லை’. 20 நொடிக்குக் குறைந்த அழைப்புகளை விலக்குங்கள், இல்லாவிட்டால் தவறான எண்ணை அழுத்தியவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். அந்த அறிவிப்பைத் தானியங்கிக் குரல் சொல்லி, பதிவு அதற்குப் பிறகு தொடங்குகிறது என்றால் எல்லா ஊழியருமே குற்றவாளியாகத் தெரிவார்கள். அப்படியென்றால் இந்த விதியே தேவையில்லை. இன்னொன்று: பல மென்பொருள்களில் புதிய சொற்றொடர், சேமித்த பின் வரும் அழைப்புகளுக்கே பொருந்தும். போன மாத அழைப்புகளையும் பார்க்கவேண்டுமானால் மறுபகுப்பாய்வுக்குத் தனியாகக் கட்டளை கொடுக்கவேண்டும். அதற்கு மேலதிகக் கட்டணம் உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.