கார்டிசால், சிஆர்பி கூடினால் பைபோலார் என்று அர்த்தமா?

தம்பிக்கு ஆறு மாதமாக மனச்சோர்வு, குடியாத்தத்தில் பார்த்த ரத்தப் பரிசோதனையில் கார்டிசாலும் சிஆர்பியும் அதிகம், இது பைபோலாரா (மனச்சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாதுங்க.

கார்டிசால் அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன். காலையில் எழுந்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், நள்ளிரவில் அடங்கிவிடும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதே எண்ணை மாற்றிவிடும். டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை, மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் என்று 1980-களில் பெரிதாக நம்பினார்கள். வேறு நோய்களிலும் அது அடங்காததால் நம்பிக்கை போய்விட்டது.

சிஆர்பி, உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் அதிகம் விடும் புரதம். சளிக்காய்ச்சல், உடல் பருமன், பீடி, ஈறு வீக்கம் எதுவும் அதை ஏற்றும். சாதாரண மனச்சோர்வு, பைபோலாரில் வரும் மனச்சோர்வு இரண்டிலும் சராசரியாகச் சற்று கூடுகிறது, மேனியா எனும் அதீத உற்சாக நிலையில் இன்னும் அதிகம். ஆனால் ஆளுக்கு ஆள் எண்கள் கலந்து கிடப்பதால் ஒருவரைப் பிரித்துக் காட்டாது.

துப்பு பழைய நாட்களில்தான் இருக்கிறது. முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூங்காமலே களைப்பில்லாமல் திரிந்தாரா, ஓயாமல் பேசினாரா, கடன் வாங்கி இறைத்தாரா? சொந்தத்தில் யாருக்காவது பைபோலார் இருந்ததா? இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பும். வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மாவையும் அழைத்துப் போங்கள், அவருக்குத்தான் நினைவிருக்கும். சாவைப் பற்றித் தம்பி பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம்.