மாட்ஸ்-சி ஊசி ஓட்டத்திறனைக் கூட்டுமா?

கேள்வி: நான் மாரத்தான் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறேன். ‘மாட்ஸ்-சி’ என்ற பெப்டைடு ஊசி களைப்பின்றி ஓடவைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எலிகளைப் பொறுத்தவரை ஓரளவு உண்மைதான். 16 அமினோ அமிலங்களால் ஆன, புரதத்தின் குட்டி வடிவமான இந்தப் பெப்டைடைத் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தனர். இதை உருவாக்குவதற்கான மரபுக் குறிப்பு உயிரணுவின் கருவில் இல்லாமல், ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இருப்பதே, என் பார்வையில், ஓட்டத்தைவிட வியப்பூட்டும் செய்தி. உயிரணுவில் ஆற்றல் குறைவதை உணர்ந்து, சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கத் தூண்டும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியை இது முடுக்கிவிடுகிறது. 2021-இல் வெளியான ஆய்வில், இது செலுத்தப்பட்ட முதிய எலிகள் ஓடுபொறியில் கூடுதல் நேரம் ஓடின. உடற்பயிற்சி செய்த மனிதர்களின் தசையிலும் இதன் அளவு இயல்பாகவே உயர்ந்தது.

ஆனால், உடலில் தானே சுரப்பதும் ஊசியால் ஏற்றுவதும் ஒன்றல்ல. மருந்தாக ஒப்புதல் பெறாத இப்பொருள் இணையத்தில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற முத்திரையுடன் விற்கப்படுவதால், அதன் தூய்மைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் இது இருப்பதால், நீங்கள் போட்டியில் ஓடுபவரெனில் இதைத் தொடவே வேண்டாம்.