வீட்டு நாய்க்கு விளையாட்டுச் சாமானும் தின்பண்டமும் நாங்களே செய்து கொடுக்கலாமா?

ஐந்து மாதக் குட்டி, வீட்டில் ஒரு செருப்பையும் விட்டுவைக்கவில்லை, கடையில் விற்கிற சாமான்களின் விலை கட்டுப்படியாகவில்லை, வீட்டில் செய்து கொடுத்தால் ஏதாவது ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். நான் 2022இல் இருந்து செய்கிறேன். ஆசைப்பட்டுத் தொடங்கினேன் என்று சொன்னால் பொய். அந்த வருடம் டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டபோது யாழ்ப்பாணத்துக் கடைகளில் வெளிநாட்டு நாய் பிஸ்கற் கிடைப்பதே அரிதாகிவிட்டது, எங்கேயோ கிடந்த ஒரு பையைக் கண்டு எடுத்து விலையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பிறவுணிக்கு அப்போது ஒரு வயது. பாதி ஊர்நாய், மற்றப் பாதி என்னவென்று அதன் தாய்க்கே தெரியாது.

இல்லாததைச் செய்துகொள்வது எங்கள் வயது ஆக்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி வராது, சவர்க்காரம் வராது, மண்ணெண்ணெய் தப்பித் தவறி வந்தால் ஜாம் போத்தலில் திரி போட்டு அதன் வெளிச்சத்தில்தான் படிப்பு. விளையாட்டுக்கு இரண்டு பனங்காயைத் தடியில் கோத்து ஒரு கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடுவோம். அந்தத் திமிரில்தான் நாய்க்குத்தானே, என்ன பெரிய வேலை என்று இறங்கினேன். முதல் இரண்டு மாதம் செய்தது எல்லாமே பிழை.

முதலாவது சைக்கிள் ரயர். பழைய ரயரை ஒரு முழம் வெட்டி இழுத்து விளையாடக் கொடுத்தேன், நல்லாகத்தான் இழுத்தது, நாலாம் நாள் பார்த்தால் ரயரின் ஓரத்துக்குள் இருக்கிற கம்பி வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சர் ஒட்டத் தெரிந்த எவனுக்கும் ரயரின் இரண்டு ஓரத்திலும் கம்பி ஓடுவது தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. இரண்டாவது பனங்கொட்டை. சப்பிக் காய்ந்த கொட்டையில் தும்பு இருக்கிறது, நாய் விரும்பிக் கடிக்கும், ஆனால் கல்லுமாதிரி. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பதியாத சாமானை நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாது, கடைவாய்ப் பல் சீவல் சீவலாக உடையும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு என்று விற்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்றாவதுதான் ஆளைக் கலங்கடித்தது. வெறும் தண்ணீர்ப் போத்தலை என்னுடைய சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டு வாயை முடிந்து கொடுத்தேன். கடிக்கக் கடிக்க மொறுமொறு என்று சத்தம் வரும், அதற்கு அந்தச் சத்தம் தேன். நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வருவதற்கிடையில் போத்தல் முற்றத்தில் கிடக்கிறது, சொக்ஸின் முன்பக்கத்தைக் காணவில்லை. அன்றிரவே சத்தி. மிருக வைத்தியர் வயிற்றை அமத்திப் பார்த்து, குடலில் அடைத்திருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், இப்போதைக்குப் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மூன்றாம் நாள் காலை வேலியோரம் அது வெளியே வந்தது. ஒரு நாய் மலம் கழித்ததைப் பார்த்து வீட்டில் எல்லாரும் கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். இதோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நூலோ துணி நாடாவோ பின்பக்கத்தில் தொங்குவதைக் கண்டால் கையால் பிடித்து இழுக்காதீர்கள். மற்ற முனை குடலுக்குள் சுற்றியிருந்தால் இழுக்கிற இழுவையில் குடல் அறுந்துபோகும். நேரே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரிவந்தது எது தெரியுமா? பனங்கட்டிக் குட்டான். பனங்கட்டி வாங்கினால் ஓலையில் பின்னிய சின்னக் குட்டானோடு தருவார்கள் அல்லவா, அம்மா கட்டியை எடுத்துக்கொண்டு வெறும் குட்டானை முற்றத்தில் எறிந்திருக்கிறா, உள்ளே இரண்டு பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறவுணி அதை முன்காலுக்கிடையில் வைத்து முதலில் மூக்கை நுழைத்தது, நுழையவில்லை. காலால் உருட்டியது. பிறகு முன்பல்லால் ஓர் ஓலையைப் பிடித்து, தலையைச் சரித்து, மெதுவாக உரித்தது, உரித்ததைத் துப்பிவிட்டு அடுத்த ஓலை. பத்து நிமிடம் தலையை நிமிர்த்தவே இல்லை. முடிந்ததும் போய் மாமர நிழலில் விழுந்து படுத்ததுதான், பின்னேரம் வரைக்கும் ஒரு செருப்பையும் தேடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் விளையாட்டுச் சாமான் வேறு, தின்பண்டம் வேறு என்று நினைக்கிறோம், நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தேட வேண்டும், மணக்க வேண்டும், கிழிக்க வேண்டும், கடைசியில் வாய்க்குள் ஏதாவது அகப்பட வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாத பந்தை எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இரண்டு நாளில் மூலையில் கிடக்கும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். குட்டானுக்குள் இனிப்பு வேண்டாம், இரண்டு காய்ந்த நெத்தலி போட்டு ஓலையை மடித்துவிடுவேன். பழைய துவாயில் தின்பண்டத்தைத் தூவி பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி வைத்தால் மூக்காலேயே விரித்து எடுக்கும். மூன்று சிரட்டையைக் கவிழ்த்து ஒன்றுக்குக் கீழே மட்டும் ஒளித்து வைப்பதும் உண்டு, சிரட்டையின் விளிம்பை ஓட்டுத்துண்டால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும், விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும், கடித்தால் சிராம்பாக உடையும். இழுத்து விளையாடப் பழைய சாரத்தை மூன்று நாடாவாகக் கிழித்து இறுக்கிப் பின்னி இரண்டு முனையிலும் முடிச்சு. அது நான் மற்ற முனையைப் பிடித்திருக்கும்போது மட்டும். பொச்சுத் தும்பில் எதுவும் செய்யாதீர்கள், விழுங்கினால் வயிற்றில் பந்தாகத் திரளும்.

எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் இருங்கள். கொடுத்துவிட்டு நான் குளிக்கப் போன கதையைத்தான் மேலே படித்தீர்களே.

இனித் தின்பண்டம். பிறவுணிக்கு முதலிடம் நெத்தலிக்குத்தான். கடையில் வாங்கும் நெத்தலிக் கருவாடு உப்புக்கட்டி, அது வேண்டாம். காலையில் பாசையூர்ச் சந்தையில் பச்சை நெத்தலி அரைக் கிலோ வாங்கி, கழுவி, உப்பில்லாத தண்ணீரில் ஒரு கொதி விட்டு இறக்கி வடித்து, சுளகில் பரப்பி மேலே வலைத்துணி போட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். வலை காகத்துக்காக. எங்கள் வீட்டில் காகத்தை விடப் பூனைதான் பெரிய கள்ளன். பிறகு வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் முள்ளெல்லாம் நொருங்குகிற பதம் வரும். போத்தலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுவேன். மாரி மழை தொடங்கினால் இந்த வேலையே வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

பிஸ்கற் வேண்டுமென்றால் கோழி ஈரல். கால் கிலோவை அவித்து மசித்து, ஒரு முட்டை, கையில் ஒட்டாத பதம் வரும்வரைக்கும் குரக்கன் மா, வேறு ஒன்றும் இல்லை, உப்பும் இல்லை சீனியும் இல்லை. மெல்லியதாகத் தட்டி விரல் நகம் அளவுக்கு வெட்டுங்கள். எங்களிடம் அவண் இல்லை, அந்தக் காலத்தில் வீடுகளில் கேக் சுட்ட மாதிரித் தாச்சியை மூடி மூடிக்கு மேலேயும் சிரட்டைத் தணல் போட்டுத்தான் சுடுகிறேன். முதல் தடவை மணம் ஒழுங்கை முனை வரைக்கும் போய் ஊர்நாய் ஐந்தாறு படலையில் வந்து நின்றன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மோனை, கலியாண வீடே?" என்றா. ஈரலை நாள்தோறும் கொடுக்கக் கூடாது, விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சிப் போகும். கிழமைக்கு இரண்டு தரம், அதுவும் நாலைந்து துண்டு, போதும்.

செலவே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் வத்தாளங்கிழங்கை அவித்துத் துண்டு போட்டு வெயிலில் காயவையுங்கள், தோல்மாதிரி இழுபடும், நெடுநேரம் சப்பும். கச்சானை வறுத்துக் கிரைண்டரில் விழுதாக அரைத்துச் சிரட்டையின் உள்பக்கம் பூசி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் சித்திரை வெயிலுக்கு ஐஸ்கிறீம்தான், நக்கி முடிந்ததும் இந்தச் சிரட்டையையும் எடுத்துவிட வேண்டும். நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய உப்புக் கச்சானைப் போட்டுவிடாதீர்கள், கறுத்த, பூஞ்சணம் மணக்கிற பருப்பு ஒன்றுகூட வேண்டாம், அதில் இருக்கிற நஞ்சு நாயின் ஈரலைக் கெடுக்கும். கடையில் விற்கும் கச்சான் பட்டர் என்றால் போத்தலைத் திருப்பி சைலிற்றோல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அந்த இனிப்பு நாய்க்குக் கொஞ்சம் போனாலே சீனியை மடமடவென்று இறக்கி ஆளை முடித்துவிடும்.

எங்கள் குசினிச் சாமான்களில் எது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும், சொக்லேற் ஆகாது என்பது மட்டும்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் அவித்தாலும் பொரித்தாலும் ஆகாது, இரத்தத்தின் சிவப்பணுவை உடைக்கும், ஆகவே மிஞ்சின கறியைச் சோற்றில் குழைத்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். முந்திரிகைப் பழம், அதாவது திராட்சை, சிறுநீரகத்தைப் பழுதாக்கும், வலிகாமத்துப் பக்கம் பந்தல் போட்டிருக்கிற வீடுகளில் கீழே விழுவதைக் கூட்டி அள்ள வேண்டும், கேக்குக்குப் போடுகிற பிளம்ஸும் அதே பழம் காய்ந்ததுதான். முந்திரிகையில் நஞ்சு என்று சந்தேகப்படுகிற அந்த அமிலம் பழப்புளியிலும் இருக்கிறது, எங்கள் மீன்குழம்பில் புளி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மாவில் பிஸ்கற் செய்யலாமா என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது, விட்டுவிட்டேன். அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நஞ்சுத்தன்மை தெரிந்திருக்கிறது, நாங்கள் ஊறவைத்துப் பிழிந்து சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், நாயின் உடம்பில் அதைப் பரீட்சை பண்ண எனக்கு மனமில்லை. கள்ளு முட்டியை நக்க விடாதீர்கள், சிரிக்கிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவித்த கோழி எலும்பு ஊசிமாதிரி உடையும்.

அளவு என்றால், ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. தின்பண்டம் கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதமே பிறவுணி பீப்பாய்மாதிரி வந்தது. இப்போது தின்பண்டம் கொடுத்த நாளில் இரவுச் சோற்றை ஒரு பிடி குறைக்கிறேன், அது கோப்பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

உங்கள் குட்டிக்கு ஐந்து மாதம் என்றால் இப்போது பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலம், முரசு தினவெடுத்துத்தான் எல்லாவற்றையும் கடிக்கிறது. தடித்த துணியை நனைத்து ஒரு முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் இரண்டு மணித்தியாலம் வைத்துக் கொடுங்கள், குளிர்ச்சிக்கு நல்ல சுகம். ஏழாம் மாதமளவில் இது தானாகக் குறையும். அதுவரைக்கும் பழைய செருப்புத்தானே என்று ஒன்றை விளையாடக் கொடுத்துவிடாதீர்கள், எது பழசு எது போன கிழமை வாங்கினது என்று அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் செருப்பெல்லாம் இன்றைக்கும் மதிலுக்கு மேலேதான்.