எத்தியோப்பிய ஓநாயைக் காப்பாற்ற ஊர் நாய்களுக்கு ஏன் ஊசி போடுகிறார்கள்?

கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அந்த ஓநாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது ஊர் நாய்களிடமிருந்து வரும் வெறிநோய்தான். உலகத்தில் மிஞ்சியிருப்பதே சுமார் 500, அதில் பாதிக்கும் மேல் எத்தியோப்பியாவின் தென்கிழக்கிலுள்ள பேல் மலைத்தொடரில். எந்த மிருகக்காட்சிசாலையிலும் ஒன்றுகூட இல்லை, அதாவது காட்டில் போனால் போனதுதான்.

இவை வாழ்வது 3,000 மீட்டருக்கு மேலே, மரமில்லாத குளிர்ந்த புல்வெளிகளில், முக்கிய இரை எலி வகைகள். கீழே இருந்து பார்லி வயலும் மாடு மேய்ப்பவர்களும் வருடாவருடம் மேலே ஏற, கூடவே காவல் நாய்களும் ஏறுகின்றன. ஓநாய்கள் தனியாக எலி பிடித்தாலும் வாழ்வது கூட்டமாக, ஒன்றையொன்று மோந்து நக்கி உறவாடும், அதனால் ஒன்றுக்கு நோய் வந்தால் குடும்பமே காலி. 2003-இல் பேல் மலையிலுள்ள வெப் பள்ளத்தாக்கில் இருந்தவற்றில் முக்கால்வாசி அப்படித்தான் செத்தன. கூட்டத்துக்கு ஒரு பெண் ஓநாய்தான் பெரும்பாலும் குட்டி போடும், அதனால் இழந்ததை ஈடுகட்ட வருடங்கள் ஆகும்.

சரி, ஓநாய்க்கே போட்டால் என்ன? நோய் வெடித்தபோது பிடித்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது பெரிய வேலை. 2018 முதல் ஆட்டிறைச்சித் துண்டுக்குள் தடுப்பு மருந்து வைத்து இரவில் போட்டுவிடுகிறார்கள், தானே தின்றுகொள்ளும். நாய்களுக்கு மட்டும் போட்டால் போதாது என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் புதுக் குட்டிகளும் வெளியூர் நாய்களும் வந்துகொண்டே இருக்கும். அப்புறம், நாய்க்கு ஊசி போட்டால் மேய்ப்பவரின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, அதனால் ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைப்பதும் சுலபம்.