குளிரில் நாயும் பூனையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வெளியில் திரியும் பூனைக்காக அட்டைப்பெட்டியில் பழைய போர்வை விரித்து வைத்தேன். ஒரு ராத்திரிகூட அதில் படுக்கவில்லை. ஏன்?

பதில்: போர்வையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரப் போர்வையில் படுத்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். அட்டையும் இரண்டு நாள் பனியில் ஊறித் தொய்ந்துபோகும்.

மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுங்கள். அடி, மூடி, நான்கு பக்கம் எல்லாவற்றிலும் 2 முதல் 3 செ.மீ. தடிமனுள்ள தெர்மோகோலை உள்பக்கமாக வெட்டிப் பொருத்துங்கள். வாசல் சுமார் 15 செ.மீ. அகலம் போதும். அதை ஓரமாக, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் வெட்டினால் தண்ணீர் உள்ளே வழியாது. செங்கல் மேல் தூக்கி, வாசல் காற்றுக்கு எதிர்ப்படாமல் திருப்பி வையுங்கள். உள்ளே பாதிக்குமேல் உலர்ந்த வைக்கோல், அமுக்காமல். வைக்கோல் தாள்களுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது; பூனை தானே குடைந்து குழி பறித்துக்கொள்ளும். நசநசத்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

'தாராளமாக இருக்கட்டும்' என்று பெரிய பெட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. அந்தப் பெட்டிக்கு அடுப்பே பூனையின் உடம்புதான். சுருண்டு படுக்க, திரும்ப இடம் இருந்தால் போதும். தண்ணீர்க் கிண்ணம் வெளியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மழையில் நனைந்து வந்த நாய் வெகுநேரம் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்று அசந்து படுத்துவிட்டது. தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. உடல் மேலும் குளிர்ந்தால் நடுங்கும் சக்தியும் போய்விடும். கூப்பிட்டால் தலை தூக்குகிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 99-க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

அதற்குள் உரோமத்தை அடிவரை துவட்டி, உலர்ந்த கம்பளியில் சுற்றுங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி மார்பு, வயிற்றுப் பக்கம் வையுங்கள். கால்களை முதலில் சூடாக்காதீர்கள்; சூடாக்கினால் அங்கே தங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். விறைத்த காது நுனியையும் வால் நுனியையும் தேய்க்கவே கூடாது, தோல் பிய்ந்துவிடும்.

கேள்வி: பனி உருக உப்பு தூவிய சாலையில் நடந்து வந்ததும் நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: உப்பு எரிகிறது. நக்கினால் வயிற்றுக்குள் போய் வாந்தியும் வரும். வாசலிலேயே வெதுவெதுப்பான நீரில் நான்கு பாதங்களையும் முக்கி, விரலிடுக்குவரை துடையுங்கள். இடுக்கில் நீண்ட முடியில்தான் பனி உருண்டையாகக் கட்டும். அதை பாதத்தின் மட்டத்துக்குக் கத்தரித்து விடுங்கள்.

கேள்வி: பூனைக்குத் தும்மல், உடம்பு சுடுகிறது. பாரசிட்டமால் அரை மாத்திரை தரலாமா?

பதில்: ஒரு துணுக்குகூட வேண்டாம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சிரைக்கும். அரை மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.